அச்சமும் அருவருப்பும்: பாம்பும் பாறும் உணர்த்தும் கொல்லாமை

கொல்லாமை என்னும் பேரறத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மனக்கண் முன் நிற்பவை ஆடும், மாடும், மானும், புறாவும்தாம். அவற்றின் கண்களில் தோன்றும் அச்சம் நம் நெஞ்சை உருக்குகிறது. கன்றைக் கண்டு இரங்காதார் யார்? குஞ்சைக் காக்கும் தாய்ப்பறவையைக் கண்டு நெகிழாதார் யார்? இவ்வாறு இயல்பாகவே அன்புக்குரியனவாய் அமைந்த உயிர்களிடத்து இரக்கம் கொள்வது அறத்தின் முதற்படி. அப்படியில் நிற்பதற்குப் பெரும் பயிற்சி ஒன்றும் வேண்டுவதில்லை.

நம் அறம் உரைத்து அறியப்படுவது வேறிடத்தில். கண்டவுடன் உடல் நடுங்கச் செய்யும் பாம்பினிடத்தும், கண்டவுடன் முகம் சுளிக்கச் செய்யும் பிணந்தின்னிக் கழுகினிடத்தும் நம் உள்ளம் எவ்வாறு நிற்கிறது என்பதே அவ்விடம். ஒன்றை நாம் அச்சத்தால் கொல்கிறோம். மற்றொன்று அழிந்தபோது, அருவருப்பால், அழிந்ததைக் கூட அறியாதிருந்தோம்.

நம் ஆகமங்கள் கஷாயங்கள் நான்கினை உரைத்தபின், அவற்றின் துணையாய் நின்று உயிரை மாசுபடுத்தும் நோகஷாயங்கள் ஒன்பதினையும் உரைக்கின்றன. அவ்வொன்பதில் பயம் ஒன்று. ஜுகுப்சை எனப்படும் அருவருப்பு மற்றொன்று. சினமும் செருக்கும் வினைக்குக் காரணம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். அச்சமும் அருவருப்பும் அவ்வாறே வினைக்கு வாயில்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? இவ்விரண்டையும் இயற்கை உணர்ச்சிகள் என்று நாம் மன்னித்துவிடுகிறோம். அவ்வாறு மன்னிக்கலாகாது என்பதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

அமராவதி நகரில் கண்டவை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்தது அமராவதி நகர். 1957-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அமராவதி அணையும், 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியும், 1976 முதல் நடைபெறும் முதலைப் பண்ணையும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. அணைக்கு நீர் கொணரும் ஆறுகளுள் ஒன்றின் பெயரே பாம்பாறு என்பது. அணைக்கு மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. கீழே கரும்பும் நெல்லும் தென்னையும் விளையும் பாசன நிலம். காடும் வயலும் இவ்வாறு கைகோத்து நிற்கும் இடத்தில் காட்டுயிரும் மனிதரும் நாள்தோறும் எதிர்ப்படுவது இயல்பு. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் வாரம் முழுவதும் இயந்திர ஓசையில் உழன்றவர்கள், விடுமுறை நாளில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்து காற்று வாங்கிச் செல்லும் இடமும் இதுவே.

மழைக்காலம் முடிந்து தைக்குளிர் நிலவிய ஒரு காலைப்பொழுதில், அறநெறி அன்பர்கள் சிலருடன் நாம் அங்கே வாய்க்கால் கரையோரம் நடந்து சென்றோம். சுமார் ஆறடி நீளமுள்ள பாம்பு ஒன்று எங்களுக்கு முன்னே பாதையைக் கடந்தது. அவ்வழியே வந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் உடனே மட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். "அடிச்சுப் போடோணுங்க, இல்லாட்டி சாளைக்குள்ள வந்துரும்" என்றார். எங்களுள் ஒருவர் அவர் கையை மெல்லப் பற்றி, "சற்றுப் பொறுங்கள் தம்பி, அது தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது" என்றார். அது சாரைப்பாம்பு; நஞ்சற்றது. பேச்சு முடிவதற்குள் அது கரும்புக்குள் மறைந்துவிட்டது.

சிறிது தொலைவில், வயல்வெளியின் ஓரத்தே இறந்த மாடு ஒன்று கிடந்தது. இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கலாம். காகங்களும் நாய்களும் அதனைச் சூழ்ந்திருந்தன. மேலே பருந்துகள் வட்டமிட்டன. நாற்றம் தாளாமல் அன்பர்கள் மேலாடையால் மூக்கை மூடிக்கொண்டு விரைந்தனர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் நிலை கண்டு சொன்னார்: "அப்பெல்லாம் மாடு செத்தாப் பெரிய பெரிய கழுகுக வந்து எறங்குமுங்க. மறுநாளுக்கு எலும்புதான் மிஞ்சும். இப்ப அதுக எங்கே போச்சோ தெரியலீங்க."

அன்றைய நடையில் எங்களிடையே எழுந்த வாதங்கள் இரண்டு. பாம்பை விட்டது சரியா என்பது ஒன்று. பிணத்தைத் தின்னும் பறவைக்கும் நம் அறத்துக்கும் என்ன தொடர்பு என்பது மற்றொன்று. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாம்பும் நால்வகை ஹிம்சையும்

இல்லறத்தார் முழுமையாகக் கொல்லாமையைக் கைக்கொள்ள இயலாது என்பதை உணர்ந்தே நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காக வகுத்தனர். கருதிச் செய்யும் சங்கல்பீ, இல்ல வேலைகளில் நேரும் ஆரம்பீ, தொழிலில் நேரும் உத்யோகீ, தற்காப்பில் நேரும் விரோதீ என்பன அவை. இவற்றுள் முதலாவதனைச் சிராவகர் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு சுருக்க வேண்டும்.

பாம்பைக் கொல்வோர் எல்லோரும் தம் செயலை விரோதீ என்னும் வகையில் சேர்த்துக்கொள்கின்றனர். "அது கடித்துவிடுமே, அதனால் கொன்றோம்" என்பது அவர் வாதம். ஈண்டு உண்மையை நாடிப் பார்த்தல் வேண்டும். குழந்தை படுத்திருக்கும் பாயினருகே நாகம் படமெடுத்து நிற்குமாயின், அங்கே தற்காப்பு என்னும் சொல்லுக்கு இடமுண்டு. வாய்க்காலைக் கடந்து கரும்புக்குள் செல்லும் பாம்பைத் துரத்திச் சென்று அடிப்பதற்கு அச்சொல் பொருந்துமா? தன் வழியே விலகிச் செல்லும் உயிரை, பின்னொரு நாள் தீங்கு செய்யக்கூடும் என்ற கற்பனையால் கொல்வது கருதிச் செய்யும் கொலையே ஆகும். அச்சம் இங்கே சங்கல்பத்துக்கு விரோதீ என்னும் மேலாடையைப் போர்த்துவிடுகிறது.

அன்பர் ஒருவர் வேறொரு வாதத்தையும் எழுப்பினார். பாம்பு தவளையையும் எலியையும் உண்கிறது. அதனை உயிரோடு விட்டால், அது நாளை கொல்லப்போகும் நூறு உயிர்களின் பாவத்தில் நமக்கும் பங்கு வாராதோ? ஒன்றைக் கொன்று பலவற்றைக் காப்பது நன்றன்றோ? இக்கேள்வி புதிதன்று. சற்றொப்ப ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதே வாதத்தை எடுத்துக்கொண்டு மறுத்துள்ளார். பிற உயிர்களைக் கொல்லும் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் காக்கப்படும் என்று எண்ணிக் கொலை செய்யலாகாது என்பது அவர் முடிவு. அதன் காரணம் தெளிவு. உலகத்து உயிர்களின் கணக்கை நம் கையில் எடுத்துக்கொண்டு யார் வாழ்வது, யார் மாள்வது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நமக்குரியது நம் கையும், நம் சொல்லும், நம் எண்ணமும் மட்டுமே. பாம்பின் உணவுக்குரிய வினை பாம்பையே சாரும். நம் தடிக்குரிய வினை நம்மைச் சாரும்.

உலகியல் நோக்கிலும் இவ்வாதம் நில்லாது. வயலில் பாம்பு இல்லாதொழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் உழவர் நஞ்சு வைப்பர். அந்நஞ்சு எலியோடு நில்லாமல், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் செல்லும். ஒரு கொலையைத் தவிர்க்கவென்று தொடங்கிய கணக்கு எத்தனை கொலைகளில் முடிகிறது!

பார்த்து நடத்தல்

இவ்வாறு கூறுவதனால் பாம்பினால் நேரும் துன்பத்தை நாம் சிறிதாக மதிக்கிறோம் என்று எவரும் கருதற்க. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அஃதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இறந்தோரில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழும் உழைப்பாளிகள். அவ்விறப்புகளில் ஏறத்தாழப் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நிகழ்ந்தவை. வெறுங்காலோடு வயலுக்குச் செல்லும் உழவரிடம், "பாம்பும் ஓர் உயிர்" என்று நகரத்திலிருந்து சென்று உபதேசிப்பது எளிது. அவ்வுபதேசம் அவர் உயிரையும் காப்பதாக இருந்தால்தான் அது அறம் எனப்படும்.

வியப்புக்குரிய செய்தி என்னவெனில், அவ்வாறு இரு உயிரையும் ஒருங்கே காக்கும் வழி நம் முனிவர்களின் ஒழுக்கத்திலேயே அமைந்துள்ளது. ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதி, நடக்கும்போது நான்கு முழ நிலத்தை உற்று நோக்கி நடக்கச் சொல்கிறது. இருளில் நடப்பதை விலக்கச் சொல்கிறது. ஆதான நிக்ஷேபண சமிதி, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே உயிர் உண்டோ என்று பார்த்துச் செய்யச் சொல்கிறது. எறும்பும் புழுவும் மிதிபடாதிருக்க வகுக்கப்பட்டவை இவை. இன்று பாம்புக்கடியைத் தவிர்க்க மருத்துவர்கள் கூறும் அறிவுரைகளை எடுத்துப் பாருங்கள். இரவில் விளக்கின்றி நடவாதீர். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். விறகையும் ஓலையையும் கல்லையும் எடுக்குமுன் தட்டிப் பாருங்கள். காலணியை உதறி அணியுங்கள். தரையில் படுப்போர் கொசுவலையை நன்கு செருகிக் கட்டுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. எறும்பைக் காக்கப் பழகிய கண், தன்னையும் காத்துக்கொள்கிறது.

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பர். நடுக்கத்துக்குக் காரணம் அறியாமை. தமிழகத்தில் காணப்படும் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. மனிதர் உயிருக்குப் பெரும்பாலும் கேடு செய்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கே. இவையும் மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. மிதிக்கப்படும்போதும் நெருக்கப்படும்போதும் கடிக்கின்றன. அடிக்கப் போய்க் கடிபட்டோரும் உண்டு. கடிக்கு மருந்தாகும் நஞ்சுமுறிவும் பாம்பின் நஞ்சிலிருந்தே செய்யப்படுகிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், பாம்பைப் பிடித்து நஞ்செடுத்தபின் அதனை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்புத் தோலுக்காகப் பாம்பு கொன்ற குலத்தவர், தோல் வணிகம் தடுக்கப்பட்டபின் அதே கைத்திறத்தால் மனித உயிர்களைக் காப்போர் ஆயினர். இருளர் இருவருக்கு 2023-இல் நம் அரசு பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. தொழிலை மாற்றாமலே தொழிலின் அறத்தை மாற்றலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பிணம் உண்ணும் பறவை

இனிக் கழுகினைக் காண்போம். நாம் பிணந்தின்னிக் கழுகு என்று இழித்துக் கூறும் பறவைக்குப் பழந்தமிழ்ப் பெயர் பாறு என்பது. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்னும் வகைகள் தமிழகத்தில் உள்ளன. ஒரு காலத்தில் ஊர்தோறும் வானில் வட்டமிட்ட இவை, இன்று தமிழகத்தில் பெரும்பாலும் நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒதுங்கி வாழ்கின்றன.

பிணம் தின்பதனால் இப்பறவையை அறத்துக்குப் புறம்பானதாகக் கருதுவோர் உளர். தானாக இறந்த விலங்கின் ஊனிலும் நிகோத உயிர்கள் நிறைந்திருப்பதால், அதனை உண்பதும் ஹிம்சையே என்று அமிர்தசந்திரர் கூறியிருப்பது உண்மை. அவ்விதி விவேகம் உடைய மனிதருக்கு உரியது. உணவைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு. வினைப்பயனால் அவ்வுடல் பெற்ற பறவைக்கு அத்தேர்வு இல்லை. ஆதலால் நாம் பாற்றைப் புகழ்ந்து துறவியாக்கவும் வேண்டா, இகழ்ந்து தீயதாக்கவும் வேண்டா. ஊனுண்ணும் உயிர்களுள் வேட்டையாடிக் கொல்லாமல் மிச்சத்தை உண்டு வாழ்வது அது என்னும் உண்மையை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

நம் புராணங்கள் இவ்வகையில் நம்மினும் பரந்த நெஞ்சுடையவை. விமலசூரியின் பௌமசரியத்திலும் இரவிசேனரின் பத்மபுராணத்திலும் ஜடாயுவின் வரலாறு வருகிறது. தண்டகன் என்னும் அரசனாயிருந்து, முனிவர்களுக்குப் பெருந்தீங்கு செய்த உயிர் பின்னர்க் கழுகாய்ப் பிறக்கிறது. காட்டில் இராமனும் சீதையும் முனிவர் இருவருக்கு ஆகாரம் அளிக்கும்போது அக்கழுகு அங்கே வருகிறது. பழம்பிறப்பு உணர்கிறது. முனிவர் பாதங்களில் வீழ்கிறது. அதன் உடல் பொன்னொளி பெறுகிறது. சிராவக விரதங்களை ஏற்று, இராமனுக்கும் சீதைக்கும் துணையாய் வாழ்கிறது. மனம் உடைய ஐயறிவு விலங்குகளும் நற்காட்சி பெறலாம், அணுவிரதமும் ஏற்கலாம் என்பது நம் சித்தாந்தம். நாம் மூக்கை மூடிக்கொண்டு விலகும் பறவையை நம் முன்னோர் சிராவகராகவே கண்டனர்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகித்சை என்பதும் ஒன்று. உடலின் அழுக்கைக் கண்டு உள்ளத்தில் வெறுப்புக் கொள்ளாமை அது. நோயுற்ற முனிவராய் வந்த தேவன் தம்மேல் வாந்தியெடுத்தபோதும் முகம் சுளிக்காது பணிவிடை செய்த உத்தாயன மன்னனை இதற்குச் சான்றாகக் கூறுவர். அருவருப்பை வெல்லுதல் என்பது மனத்தூய்மைக்கு மட்டும் உரியதன்று. அருவருப்பினால் கண்ணைத் திருப்பிக்கொள்வோர், கண்ணெதிரே நடக்கும் அழிவையும் காணாது விடுவர். நம் காலத்தில் நடந்தது அதுவே.

கருணையினால் நேர்ந்த கொலை

1990-களில் பாறுகள் விரைந்து மறையத் தொடங்கின. இராஜஸ்தானத்தின் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தில் இவ்வீழ்ச்சியை ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சியது என்னும் அளவுக்கு நாட்டில் அவ்வினம் தேய்ந்தது. செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக நண்பகலில் வந்து உணவு பெற்ற மஞ்சள்முகப் பாறுகளும் 1990-களுக்குப் பின் அக்குன்றுக்கு வருவதில்லை.

காரணம் 2004-இல் தெரிந்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு, மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என்று நிறுவியது. மருந்திட்ட மாடு சில நாளில் இறந்துபோனால், அதன் ஊனை உண்ட பாறுகளின் சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்மையாய்ப் படிந்து அவை மாண்டன. நூறு பிணங்களுள் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே அவ்வினம் அழியப் போதும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். ஒரு பிணத்தைச் சுற்றிப் பல பாறுகள் கூடி உண்பதும், இணை ஒன்று ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் இவ்விரைவுக்குக் காரணங்கள்.

இங்கே நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. கசாப்புக் கடைக்குச் செல்லும் மாட்டுக்கு வலிமருந்து கொடுப்பார் அரியர். வயது முதிர்ந்த மாட்டை விற்காமல் வைத்துக் காத்து, அது வலியால் துடித்தபோது மனம் பொறாமல் மருந்திட்டு, இறந்தபின் அதனை அறுக்க விடாமல் வெளியில் கிடத்தியவர்களின் மாடும் இந்நஞ்சைச் சுமந்திருக்கக் கூடும். பசுவைக் காத்த கருணையே பாற்றைக் கொன்றிருக்கிறது. அறநெறியாளர்க்கு இதனினும் கடினமான வினா வேறு யாது?

விளைவு பறவையோடும் நிற்கவில்லை. பிணங்களை உண்ணப் பாறுகள் இல்லாத ஊர்களில் நாய்கள் பெருகின. நீரும் நிலமும் மாசுற்றன. பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களில் அவை அழிந்ததனால், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித இறப்புகள் கூடுதலாக நேர்ந்தன என்று பொருளியல் அறிஞர் இருவர் அண்மையில் மதிப்பிட்டுள்ளனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் நிற்பவை என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் உரைத்த உண்மைக்கு இது துயரமான விளக்கம்.

அந்த மருந்தைக் கொடுத்தவர் கொலைப்பழி உடையவரா? நம் நூல்கள் இதற்குத் தெளிவான அளவுகோல் தந்துள்ளன. பிரமாதம் எனப்படும் கவனமின்மையோடும் கஷாயத்தோடும் கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை. முறையோடு பார்த்து நடப்போன் காலடியில் அவனறியாது ஓருயிர் மாயினும் அவன் ஹிம்சகன் ஆகான். பாராது நடப்போன் காலடியில் ஓருயிரும் மாளாவிடினும் அவன் ஹிம்சகனே. எனவே 2004-க்கு முன் இரக்கத்தோடு மருந்திட்டவர் மீது பழி சுமத்த நாம் ஒருப்படோம். உலகில் எவரும் அன்று அதனை அறியார். ஆனால் அறிந்தபின்? 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் மருந்து நம் நாட்டில் தடுக்கப்பட்டது. அதன்பின்னும், மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஊசியிட்டனர். அதனால் 2015-இல் பெரிய குப்பிகளும் தடுக்கப்பட்டன. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் என்னும் இரு மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடுக்கப்பட்டன. அறிந்தபின் கேளாமை பிரமாதம். அங்கே கருணை என்னும் சொல் பழியைத் துடைக்காது.

கட்டைக்குள் இருந்த நாகங்கள்

இவ்வேறுபாட்டைப் பகவான் பார்சுவநாதரின் வரலாறு அழகுற விளக்குகிறது. இளவரசராய் இருந்தபோது அவர், ஐந்தீ நடுவே தவம் புரியும் தாபதன் ஒருவனைக் கண்டார். அவன் தீ வளர்க்கக் கட்டையைப் பிளக்க முற்பட்டான். "பிளவாதே, உள்ளே உயிர்கள் உள்ளன" என்று அவதிஞானத்தால் உணர்ந்த பகவான் தடுத்தார். தவச்செருக்கால் கேளாத அவன் பிளந்தான். உள்ளே நாகங்கள் இரண்டு வெட்டுண்டு துடித்தன. பகவான் அவற்றின் இறுதிப்பொழுதில் அறம் உரைத்து அமைதி தந்தார். அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாய்ப் பிறந்தன என்பது மரபு.

அத்தாபதன் பாம்பைக் கொல்ல எண்ணியவன் அல்லன். அவன் செய்தது தவம். அவன் குற்றம் இரண்டு. பார்க்கவில்லை, பார்த்தவர் சொன்னபோது கேட்கவில்லை. இன்று நம் கையிலுள்ள மருந்துக் குப்பியும், தோட்டத்து நஞ்சும், குவித்து எரிக்கும் சருகும் ஒவ்வொரு கட்டையே. உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்தவர் சொல்கின்றனர். கேட்பதும் கேளாததும் நம்மிடம் உள்ளது.

பின்னர்ப் பகவான் தவத்தில் நின்றபோது, அத்தாபதனின் உயிர் பகைகொண்டு மழையும் கல்லும் பொழிய, தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். அக்காட்சியைத் தமிழகத்துக் குன்றுகள் பல தாங்கி நிற்கின்றன. பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலையில் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் சாந்திவீரக் குரவர் புதுப்பித்த செய்தியைக் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தெற்கே, கோவிற்பட்டியை அடுத்த குன்றிலும் பாண்டியர் காலச் சிற்பிகள் அதனைச் செதுக்கினர். தரணேந்திரன் படமெடுத்துக் காக்க, மேலே பகைவன் கல் ஓங்க, கலங்காது நிற்கிறார் பகவான். அக்குன்றின் பெயர் கழுகுமலை. பாம்பு குடைபிடிக்கும் தீர்த்தங்கரர் கழுகின் பெயர் தாங்கிய மலையில் நிற்கிறார்! நாம் அஞ்சும் உயிரும் அருவருக்கும் உயிரும் ஓரிடத்தில் அறத்தின் நிழலில் அமைந்திருப்பதைக் காணச் சென்று வழிபடும் அன்பர்கள் உணர்வார்களாக.

நாம் செய்யத்தக்கன

எண்ணமாக நிற்கும் அறம் போதாது. இயன்ற சிலவற்றை இங்குத் தொகுத்துக் கூறுவோம்.

வீட்டிலோ தொழிற்கூடத்திலோ பாம்பு புகுந்தால், குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் விலக்கி, தொலைவில் நின்று அதனை ஒருவர் கண்காணிக்க, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ செய்தி சொல்க. எவரேனும் கடிபட்டால் கட்டுப் போடுதலும், கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து நஞ்சுமுறிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவேண்டியதும் இல்லை. மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை செய்வார். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்துள்ளது.

தொழிற்கூடம் நடத்தும் அன்பர்கள், வெட்டுத்துணிக் கழிவையும் பழைய அட்டைப்பெட்டிகளையும் மூலையில் குவித்து வையாதீர். குவியல் எலிக்கு இல்லம். எலி இருக்குமிடத்துக்குப் பாம்பு வரும். இரவு முறையில் பணி முடித்துச் செல்லும் தொழிலாளர் நடக்கும் வழியில் விளக்கிடுவதும் ஜீவதயையே.

கோசாலை நடத்துவோரும் அதற்குப் பொருளுதவி செய்வோரும் ஒரு கேள்வி கேட்கப் பழகுக. இங்கே மாடுகளுக்கு எந்த வலிமருந்து கொடுக்கிறீர்கள்? மெலாக்சிகம், டோல்பினாமிக் அமிலம் ஆகியவை பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை எனத் தேர்ந்து அறியப்பட்டவை. டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக், நிமிசுலைடு ஆகியவை கேடு செய்பவை. கால்நடை மருத்துவரிடம் இதனைக் கூறி மாற்று மருந்து கேட்பது எளிது. ஐயத்துக்குரிய மருந்து பெற்ற மாடு இறந்தால் அதனை ஆழப் புதைத்துவிடுக. நன்கொடைச் சீட்டில் நாம் எழுதும் தொகை பெரிதாயினும், இச்சிறு கேள்வி அதனினும் பெரிய தானமாகலாம்.

இளைஞர்கள் நண்பர்களோடு ஆற்றங்கரைக்கும் காட்டோரத்துக்கும் செல்லட்டும். அங்கே பாம்பைக் கண்டால் நின்று வழிவிடவும், பிணத்தைச் சூழ்ந்த பறவைகளைக் கண்டால் கல்லெறியாது நோக்கவும் பெரியோர் கற்பிக்கட்டும். பார்த்து அறிந்த உயிரினிடத்து அச்சம் குறையும், அருவருப்பும் குறையும். அவை குறைந்த நெஞ்சில் தயை தானே வந்து குடிகொள்ளும்.

அன்புக்கு எளிய உயிர்களைக் காப்பதோடு நம் அறம் நின்றுவிட்டால், அது நம் விருப்பத்தையே அறம் என்று அழைத்ததாக முடியும். நம் விருப்பத்துக்கு மாறாய் நிற்கும் உயிரும் வாழ இடம் தரும்போதுதான் கொல்லாமை விரதம் என்னும் பெயருக்கு உரியதாகிறது. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!